கலவரம் நடந்த ஊரில் ஓட்டு எங்கே தொலைகிறது?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியர். எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் வட்டத்தில் இரு சமயத்தாருக்கிடையே கலவரம் நடந்தது. வீடுகள் எரிந்தன. பல குடும்பங்கள் இன்னும் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருக்கின்றன. வரப்போகும் சட்டமன்றத் தேர்தலுக்கு என்னை மண்டல அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். 11 வாக்குச்சாவடிகள் என் பொறுப்பு. "கூடுதலாகப் போலீஸ் போட்டுவிட்டோம், கவலைப்படாதீர்கள்" என்கிறார்கள். அது போதுமா? தேர்தலையே தள்ளிவைக்க வேண்டும் என்று முகாமில் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? ஓட்டுப் போட வரமாட்டேன் என்பவர்களை வற்புறுத்தலாமா? ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: போதாது. சாவடி வாசலில் நிற்கும் காவலர் சாவடியைக் காப்பார். ஆனால் கலவரம் நடந்த ஊரில் ஓட்டு பெரும்பாலும் சாவடிக்கு வந்து சேர்வதற்கு முன்பே தொலைந்துவிடுகிறது. பாதி பட்டியலில் போய்விடும், மீதி வழியில் போய்விடும். இந்த இரண்டு இடத்திலும் போலீஸை விட உங்களால்தான் அதிகம் செய்ய முடியும்.

தள்ளிவைக்கும் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். அது உங்கள் கையிலோ ஆட்சியர் கையிலோ இல்லை. அரசியல் சட்டத்தின் 324ஆவது பிரிவு தேர்தல் நடத்தும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்துக்குத்தான் தருகிறது. முன்னுதாரணமும் உண்டு. 2002ல் குஜராத் கலவரத்துக்குப் பிறகு ஜூலை 19 அன்று சட்டமன்றம் பதவிக்காலம் முடியும் முன்பே கலைக்கப்பட்டது. உடனே தேர்தல் வேண்டும் என்றது மாநில அரசு. ஜே.எம். லிங்டோ தலைமையிலான ஆணையம் நேரில் போய்ப் பார்த்தது. மக்கள் வீடு திரும்பவில்லை, வாக்காளர் பட்டியலும் சரியாக இல்லை என்று கண்டு, இப்போது நியாயமான தேர்தல் நடத்த முடியாது என்று ஆகஸ்ட் 16 அன்று உத்தரவிட்டது. விஷயம் குடியரசுத் தலைவர் மூலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற 174ஆவது பிரிவு, கலைக்கப்பட்ட சட்டமன்றத்துக்குப் பொருந்தாது என்று அக்டோபர் 28 அன்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. வாக்குப்பதிவு டிசம்பர் 12 அன்று நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, தள்ளிவைத்த மாதங்களில் பட்டியல் திருத்தப்பட்டது என்பதுதான். வெறுமனே தேதியை நகர்த்தினால் பயன் இல்லை. தள்ளிவைத்தும் முகாம் அப்படியே, பட்டியலும் அப்படியே என்றால் மிரட்டியவர்களுக்குத்தான் கூடுதல் நாள் கிடைக்கிறது. பதவிக்காலம் முடிந்து வரும் தேர்தலில் அவ்வளவு இடமும் இல்லை. முகாமில் கேட்பவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்: மனு எழுதினால் "தள்ளிவையுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேர் பெயர் நீங்கியிருக்கிறது, எந்தச் சாவடிக்குப் போக வழியில்லை என்று எண்ணிக்கையோடும் வாக்காளர் பட்டியலின் பாக எண்ணோடும் எழுதி மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், தேர்தல் பார்வையாளருக்கும் அனுப்புங்கள். அப்படி எழுதினால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும்.

இனி பட்டியல். கலவரத்துக்குப் பிறகு வரும் 7ஆம் எண் படிவங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயர் நீக்கக் கோரும் படிவம் அது. அந்தத் தொகுதியின் வாக்காளர் யார் வேண்டுமானாலும் இன்னொருவர் பெயருக்கு எதிராக அதைக் கொடுக்கலாம். "இவர் இங்கே குடியில்லை" என்று ஒரே கையெழுத்தில், ஒரே தெருவைக் குறிவைத்து ஐம்பது அறுபது படிவங்கள் வந்திருக்கும். சட்டப்படி பெயரை நீக்கும் முன் சம்பந்தப்பட்டவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நடப்பதென்ன? நோட்டீஸ் எரிந்த வீட்டின் விலாசத்துக்குப் போகிறது. கதவே இல்லாத வீட்டின் நிலையில் ஒட்டிவிட்டு, "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நாள் கடந்ததும் பெயர் போய்விடுகிறது. தாளில் எல்லா நடைமுறையும் சரியாக இருக்கும். அதனால்தான் பிறகு யாராலும் கேட்க முடிவதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. வந்த விண்ணப்பங்களின் பட்டியலை வாக்காளர் பதிவு அலுவலர் 9, 10, 11ஆம் படிவங்களில் வெளியிட வேண்டும். அதை வாங்கி, உங்கள் 11 சாவடிக்குரிய 7ஆம் படிவங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள். குடிபெயர்ந்தவர்களுக்கான நோட்டீஸை முகாமிலேயே கொடுக்கவும், பெயர்களை முகாமின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் எழுத்தில் கேளுங்கள். ஒருவரே ஐந்துக்கு மேல் ஆட்சேபம் கொடுத்திருந்தால், பதிவு அலுவலர் தாமே நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். பொய்யாக எழுதிக் கொடுத்தால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. இந்த ஒரு வரியை உரக்கச் சொன்னாலே பாதிப் படிவங்களுக்குக் கையெழுத்திட்டவர்கள் "எனக்குத் தெரியாது, யாரோ கொடுத்திருக்கிறார்கள்" என்பார்கள். அதையும் வாக்குமூலமாக எழுதி வாங்குங்கள். பெயரை நீக்கிய உத்தரவு வந்துவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

முகாமில் இருப்பவர்களே தெரியாமல் செய்துகொள்ளும் இழப்பு ஒன்றும் உண்டு. யாரோ நல்லெண்ணத்தில் வந்து, முகாம் விலாசத்தில் புதிதாகப் பெயர் சேர்க்கும் 6ஆம் படிவமோ விலாசம் மாற்றும் 8ஆம் படிவமோ நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். புது இடத்தில் பெயர் சேர்ந்ததும் ஊரில் உள்ள பெயர் போய்விடும். ஏனென்றால் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஊர் திரும்பும் எண்ணம் இருப்பவர் விலாசம் மாற்றத் தேவையே இல்லை. அதே சட்டத்தின் 20(1அ) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தற்காலிகமாக ஊரை விட்டுப் போனதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்திடமும் முதலில் கேட்க வேண்டியது, "திரும்பிப் போவீர்களா, இங்கேயே இருந்துவிடுவீர்களா?" என்பதுதான். பதிலைக் கேட்ட பிறகே படிவத்தை எடுக்க வேண்டும்.

நாள் கணக்கையும் மறக்காதீர்கள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்ததும் பட்டியலில் கை வைக்க முடியாது. பரிசீலனைக்கு ஒரு நாள், விலகிக்கொள்ள இரண்டு நாள், பிறகு குறைந்தது 14 நாள். ஆக வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 17 நாள் முன்பே கதவு மூடிவிடும். விண்ணப்பத்தை ஏழு நாள் ஆட்சேபத்துக்கு வைக்க வேண்டியிருப்பதால், மனுத்தாக்கல் முடிவதற்குப் பத்து நாளாவது முன்னதாகக் கொடுத்தால்தான் பெயர் சேரும்.

அடையாள அட்டை எரிந்துவிட்டதே என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பெயர் பட்டியலில் இருந்தால் போதும். ஆதார், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை என்று ஆணையம் ஏற்கும் மாற்று ஆவணங்கள் உண்டு. தீயில் போன வாக்காளர் அட்டைக்குப் பதில் அட்டை 8ஆம் படிவத்திலேயே கேட்கலாம். அதில் தீ, வெள்ளம் என்று காரணம் குறிக்க இடம் இருக்கிறது.

இன்னொரு தாள் இருக்கிறது. வெளியில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் தயாரிக்கும் இல்லாதவர், இடம் பெயர்ந்தவர், இறந்தவர் பட்டியல். கள்ள ஓட்டைத் தடுக்க உருவானது. கலவர ஊரில் முகாமில் இருப்பவர் அத்தனை பேரும் இதில் "இடம் பெயர்ந்தவர்" என்று ஏறிவிடுவார்கள். விவரம் தெரியாத சாவடித் தலைமை அலுவலர், "உங்கள் பெயர் இந்த லிஸ்டில் இருக்கிறது, ஓட்டு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தவறு. அவர்களுக்கு ஓட்டு உண்டு. அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து, வாக்காளர்கள் கையெழுத்திடும் 17அ பதிவேட்டில் கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்க வேண்டும், அவ்வளவே. உங்கள் 11 தலைமை அலுவலர்களிடமும் பயிற்சி வகுப்பில் ஒருமுறை, பொருட்கள் வழங்கும் நாளில் ஒருமுறை, இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது வழி. எந்தத் தெருவில், எந்தக் குடியிருப்பில் யார் யாரால் மிரட்டப்படக்கூடும் என்று படிவத்தில் வரைந்து வைப்பது மண்டல அலுவலரின் கடமை. பெரும்பாலும் காவல் நிலையத்தில் உட்கார்ந்து அதை நிரப்பிவிடுகிறார்கள். நீங்கள் நடங்கள். காலை ஏழு மணிக்கு, பாதிக்கப்பட்ட குடியிருப்பின் கடைசி வீட்டிலிருந்து சாவடி வாசல் வரை, அந்த ஊர்ப் பெண்கள் இருவரோடு நடந்து பாருங்கள். எங்கே அவர்கள் பேச்சை நிறுத்துகிறார்களோ, எங்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடையை வேகப்படுத்துகிறார்களோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டீக்கடை பெஞ்சாக இருக்கலாம், ஒரு முச்சந்தியாக இருக்கலாம், எரிந்த வீட்டுக்கு எதிர்த் திண்ணையாக இருக்கலாம். வாக்குப்பதிவு அன்று காவல் நிற்க வேண்டிய இடம் அதுதான். ஓட்டுப் போட வரும்போது மட்டும் நின்றால் போதாது, திரும்பிப் போகும்போதும் நிற்க வேண்டும். யார் நிற்கிறார் என்பதும் முக்கியம். கலவரத்தின்போது வேடிக்கை பார்த்தார் என்று ஊரார் புகார் சொல்லும் உள்ளூர்க் காவலரை அங்கே நிறுத்தினால், காவல் இல்லாததை விட மோசம். மத்தியப் படையினரைக் கேளுங்கள். கொடி அணிவகுப்பைப் பகலில் நடத்தச் சொல்லுங்கள். இரவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் பாதிக்கப்பட்ட தெருவுக்குப் பழைய இரவுதான் நினைவுக்கு வரும்.

மிரட்டக்கூடியவர்களிடம் அமைதி காப்பதற்கான பிணை வாங்கும் அதிகாரம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆவது பிரிவில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107தான். இதில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. "சமநிலை" காட்டுவதற்காக அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர் என்று பெயர் சேர்ப்பார்கள். வீடு எரிந்து புகார் கொடுத்தவரே பிணைப் பட்டியலில் வந்து நிற்பார். புகார் கொடுத்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஊர் புரிந்துகொள்ளும். பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். பட்டியல் இறுதியாகும் முன், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிப்பிட்ட சம்பவம் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். சம்பவம் இல்லாத பெயரை எடுத்துவிடச் சொல்லி, உங்கள் அறிக்கையில் பதிவு செய்யுங்கள்.

சாவடியின் இடத்தை மாற்றலாமா என்று உங்கள் மனதில் ஓடியிருக்கும். வழிபாட்டுத் தலத்தில் சாவடி கூடாது என்பது விதி. பள்ளிக்கூடமானாலும் அது எதிர்த் தரப்பின் தெரு நடுவில் இருந்தால் மாற்றக் கேட்பது நியாயமே. கட்சிகளோடு கலந்து பேசி, ஆணையத்தின் ஒப்புதல் பெற்று, புது இடத்தை வீடுவீடாகச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சமூகத்துக்கு ஒரு சாவடி, அந்தச் சமூகத்துக்கு ஒரு சாவடி என்று பிரிக்கும் யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அன்றைக்கு அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் முடிவுகள் 20ஆம் படிவத்தில் சாவடிவாரியாக வெளியாகின்றன. ஒரே சமூகத்தார் மட்டும் ஓட்டுப் போட்ட சாவடியின் கணக்கு, அந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஊருக்கே சொல்லிவிடும். இரண்டு பக்கமும் வழி உள்ள பொது இடத்தில் ஒரே சாவடி, தனித்தனி வழி, ஒரே வரிசை. இதுவே நல்லது.

முகாமிலேயே சாவடி அமைப்பதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மணிப்பூரில் 2024 மக்களவைத் தேர்தலில் நிவாரண முகாம்களில் இருந்தவர்களுக்காக 94 சிறப்புச் சாவடிகள் அமைந்தன. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கு ஜம்மு, உதம்பூர், டெல்லியில் சாவடிகள் நெடுங்காலமாக உண்டு. மிசோரமிலிருந்து திரிபுரா முகாம்களுக்குப் போன புரூ மக்களுக்கு 2018ல் மாநில எல்லைக்குள் கான்முன் கிராமத்தில் 15 சாவடிகள் வைத்தார்கள். ஆகவே கேட்பதற்கு ஆதாரம் இருக்கிறது. முகாமில் ஓட்டுப் போட விரும்புவோரிடம் முன்கூட்டியே விருப்பம் எழுதி வாங்கி, மூலப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே குறியிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயரில் ஊரில் வேறொருவர் போட்டுவிடுவார். முப்பது நாற்பது பேருக்கு மட்டும் தனிச் சாவடி கேட்காதீர்கள், ரகசியம் போய்விடும். அத்தனை குறைவு என்றால் பாதுகாப்போடு பேருந்தில் ஊர்ச் சாவடிக்கு அழைத்துவரும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அந்த வாகனம் நிர்வாகத்துடையதாக மட்டுமே இருக்க வேண்டும். வேட்பாளர் ஏற்பாடு செய்தால் அது முறைகேடு.

வாக்குப்பதிவு நாளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கையேட்டில் இருக்கிறது. கலவர ஊருக்கென்று சில மட்டும். மாதிரி வாக்குப்பதிவு 90 நிமிடம் முன்னதாக, குறைந்தது 50 ஓட்டுகளோடு நடக்கும். அதற்குப் பாதிக்கப்பட்ட தரப்பின் முகவர் வந்திருக்கிறாரா பாருங்கள். அந்தச் சாவடி வாக்காளரில் ஆள் கிடைக்காவிட்டால் தொகுதியின் வேறு வாக்காளரை முகவராகப் போட இப்போது இடம் உண்டு. பல வேட்பாளர்களுக்கு இது தெரியாது. முகத்திரை அணிந்து வரும் பெண்கள் அதிகம் என்றால் பெண் அலுவலரும் மறைவிடமும் கட்டாயம் வேண்டும். முகத்தைச் சரிபார்ப்பது அலுவலரின் வேலை. முகவருக்குச் சந்தேகம் என்றால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், திரையை எடு என்று அதட்ட உரிமை இல்லை. ஏற்கெனவே தன் பெயரில் ஓட்டு விழுந்துவிட்டது என்று வருபவரை விரட்டாமல், அப்படிப்பட்டவருக்கென்றே உள்ள ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால், எத்தனை பேர் அப்படி வந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

சாவடிக்குப் போகும்போது சதவீதத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பட்டியலின் குறியிடப்பட்ட பிரதியைப் புரட்டுங்கள். ஓட்டுப் போட்ட ஆணின் பெயர் அடிக்கோடிடப்பட்டிருக்கும், பெண்ணின் பெயருக்கு அடிக்கோடும் பக்கத்தில் ஒரு டிக்கும் இருக்கும். வரிசை எண் 412 முதல் 530 வரை ஒரு குடியிருப்பு என்று உங்களுக்குத் தெரியும். காலை 11 மணிக்கு மொத்தம் 35 சதவீதம் ஆகியிருக்கிறது, ஆனால் அந்த நான்கு பக்கத்திலும் ஒரு கோடு இல்லை. அல்லது கோடு இருக்கிறது, டிக் இல்லை. அந்த நிமிடமே அந்தத் தெருவுக்குப் போங்கள். பெரும்பாலும் "சாவடியில் அடிதடி" என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். இரு சமூகத்திலும் ஐந்தைந்து பேரின் எண்களை முன்பே வாங்கி வைத்திருந்தால், கால் மணி நேரத்தில் வதந்தியை அடக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்குத் தெரிந்தால் பயனில்லை.

உண்மையிலேயே கலவரம் மூண்டால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 57ஆவது பிரிவில் வாக்குப்பதிவை நிறுத்திவைக்கச் சாவடித் தலைமை அலுவலருக்கே அதிகாரம் உண்டு. இயந்திரம் உடைக்கப்பட்டால் 58, சாவடி கைப்பற்றப்பட்டால் 58அ. இரண்டிலும் முடிவு ஆணையத்துடையது. நேரத்தோடு, நிமிடத்தோடு தலைமை அலுவலர் தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தால்தான் மறு வாக்குப்பதிவு கிடைக்கும். மணிப்பூரில் 2024 ஏப்ரல் 19 அன்று தொந்தரவு நடந்த 11 சாவடிகளில் மூன்றே நாளில், ஏப்ரல் 22 அன்று, மறுவாக்குப்பதிவு நடந்தது. அறிக்கை அன்றிரவே போனால்தான் அந்த வேகம் வரும்.

"யாருக்குப் போட்டேன் என்று தெரிந்துவிடுமா?" என்று உங்களிடம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். போட்ட ஓட்டைக் காட்டும் விவிபாட் சீட்டு ஏழு விநாடி தெரிந்து பெட்டியில் விழும், அதில் வாக்காளர் பெயர் இராது. தனி ஒருவர் ஓட்டு தெரியாது, சாவடியின் மொத்தம் தெரியும். பல சாவடிகளின் இயந்திரங்களைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவியை ஆணையம் பல ஆண்டுகளுக்கு முன்பே முன்வைத்தது, சட்ட ஆணையமும் 2015ல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. கலவரப் பகுதிகளுக்காவது அது வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, எண்ணிக்கை முடிந்த பிறகும் காவலை எடுக்காமல் வைப்பது ஒன்றே வழி. குறைந்தது பத்து நாளாவது அந்த முச்சந்தியில் ஆள் நிற்க வேண்டும் என்றும், வெற்றி ஊர்வலம் அந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்றும் முடிவு வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசிக் கேள்வி. வரமாட்டேன் என்பவரை வற்புறுத்தக்கூடாது. ஓட்டுப் போடாமல் இருப்பதும் அவர் உரிமை. ஆனால் "ஏன்?" என்று ஒருமுறை கேளுங்கள். "இவர்களில் யாரும் எனக்கு வேண்டாம்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நோட்டா இருக்கிறது என்று சொல்வதோடு சரி. "விரலில் மை இருந்தால் நாளைக்கு என்ன செய்வார்களோ" என்றால், மை இல்லாமல் ஓட்டு இல்லை என்ற உண்மையை மறைக்காதீர்கள். யார் செய்வார்கள் என்று கேட்டு, சொன்னவர் பெயர் வெளியே தெரியாமல், அந்தப் பெயரைப் பார்வையாளரிடம் கொடுங்கள். "அந்த வழியாக வர முடியாது தம்பி" என்றால் அது அவருடைய விருப்பம் இல்லை, உங்கள் படிவத்தில் விடுபட்ட ஒரு வரி. அன்றைக்கே எழுதிச் சேருங்கள்.